ஆர், பைத்தான் கணினி மொழிகளின் ஹெல்ப் பக்கங்களை எப்படிப் படிப்பது, எப்படித் திருத்துவது?

டர்பனுக்கு வடக்கே தோங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களின் மழைக் கணக்கைப் பார்க்கும் ஒரு சின்ன அணியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஆர் மொழியில் கேள்விக்குறி போட்டு ஹெல்ப் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே தலையில் ஏறுவதில்லை. இணையத்தில் தேடி, யாரோ எழுதியதை எடுத்து ஒட்டி வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது எங்கள் அணியே எழுதிய பேக்கேஜின் (ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஹெல்ப் பக்கங்களைச் சீர்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. படிக்கவே தெரியாதவள் எதைத் திருத்துவது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிப்பதும் திருத்துவதும் இரண்டு வேலை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது நீங்கள் எந்த வரியில் நின்றுபோகிறீர்களோ அந்த வரிதான் திருத்த வேண்டிய வரி. அந்த ஃபங்ஷனை, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டை, எழுதியவருக்கு அது கண்ணில் படாது, ஏனென்றால் அந்த வரி சொல்லாமல் விட்டது அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்த வேலைக்கு உங்கள் அணியில் இப்போது உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆறு மாதம் போனால் உங்களுக்கும் எல்லாம் பழகிவிடும், குழப்பம் எங்கே வந்தது என்பதே மறந்துவிடும். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து, எங்கெல்லாம் புரியாமல் நிற்கிறீர்களோ அங்கெல்லாம் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, படிப்பதைப் பார்ப்போம். ஹெல்ப் பக்கம் பாடம் நடத்த எழுதப்பட்டதல்ல, அந்த ஃபங்ஷனைப் பற்றி ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ள எழுதப்பட்டது. அதனால் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு உள்ளே போவேன்: இதற்கு என்ன கொடுக்க வேண்டும், இது எதைத் திருப்பித் தரும், எந்தச் சூழ்நிலையில் நான் எதிர்பார்க்காததைச் செய்யும். ஆர் மொழியின் பக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கும். டிஸ்கிரிப்ஷன், யூசேஜ் (அழைக்கும் விதம்), ஆர்க்யுமென்ட்ஸ் (கொடுக்க வேண்டிய உள்ளீடுகள்), டீட்டெயில்ஸ், வேல்யூ (திரும்பி வருவது), கடைசியில் சீ ஆல்சோவும் எக்ஸாம்பிள்ஸும். என் முதல் கேள்விக்கு யூசேஜும் ஆர்க்யுமென்ட்ஸும் பதில் சொல்லும், இரண்டாவதற்கு வேல்யூ, மூன்றாவதற்கு டீட்டெயில்ஸும் எக்ஸாம்பிள்ஸும்.

யூசேஜ் பகுதியைப் பலரும் கண்ணால்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். அந்த இரண்டு மூன்று வரிக்குள் அவ்வளவு விஷயம் இருக்கிறது. கூட்டுத்தொகை எடுக்கும் சம் ஃபங்ஷனின் யூசேஜைத் திறந்து பாருங்கள்: அடைப்புக்குறிக்குள் முதலில் மூன்று புள்ளி, பிறகு என்ஏ.ஆர்எம் (விடுபட்ட மதிப்புகளை நீக்க வேண்டுமா என்பது) என்ற ஆர்க்யுமென்ட், அதற்கு டீஃபால்ட், அதாவது நாம் எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு, ஃபால்ஸ் (இல்லை). இப்போது சராசரி எடுக்கும் மீன் ஃபங்ஷனைத் திறங்கள்: முதலில் எக்ஸ், அதற்குப் பிறகுதான் மூன்று புள்ளி. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் சம்முக்குள் 1, 2, 3 என்று கமா போட்டுக் கொடுத்தால் 6 வரும், மீனுக்குள் அதே மாதிரிக் கொடுத்தால் 2 வராது, 1தான் வரும். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது.

ஏன் என்று யூசேஜே சொல்கிறது. மூன்று புள்ளி முதலில் இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். எக்ஸ் முதலில் இருந்தால் முதலில் கொடுத்தது மட்டும்தான் டேட்டா, எல்லா எண்களையும் சி என்ற ஃபங்ஷனால் ஒன்றாகக் கட்டித்தான் கொடுக்க வேண்டும். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே டீஃபால்ட் மெத்தட் என்று இன்னொரு யூசேஜ் வரி இருக்கும், அதில் எக்ஸுக்கு அடுத்து டிரிம் (இரண்டு ஓரத்திலும் எவ்வளவு பங்கை வெட்டிவிட்டுச் சராசரி எடுப்பது), அதற்கு அடுத்து என்ஏ.ஆர்எம். ஆக, நீங்கள் கொடுத்த 2 டிரிம்முக்குப் போய்விட்டது, 3 என்ஏ.ஆர்எம்முக்குப் போய்விட்டது. டிரிம் 0 முதல் 0.5 வரைதான் இருக்க வேண்டும், அதற்கு வெளியே கொடுத்தால் கிட்ட இருக்கும் எல்லையை எடுத்துக்கொள்வேன் என்று ஆர்க்யுமென்ட்ஸ் பகுதியில் எழுதியே இருக்கிறது. மழை அளவுகளில் இப்படி ஒரு சராசரி எடுத்து ரிப்போர்ட்டில் போட்டால் யார் கண்டுபிடிப்பார்கள், சொல்லுங்கள்?

மூன்று புள்ளியைப் பற்றி இன்னும் ஒன்று. அதற்குப் பின்னால் வரும் ஆர்க்யுமென்டுகளைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சம்முக்குள் கடைசியில் வெறுமனே ட்ரூ என்று போட்டால், விடுபட்ட மதிப்புகளை நீக்கச் சொல்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, ட்ரூவை 1 என்று எடுத்துக் கூட்டிவிடும். இதெல்லாம் யூசேஜில் மூன்று புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளக்கூடியது.

அடுத்து, உங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம். தென்னாப்பிரிக்காவில் தசமக் குறி புள்ளியல்ல, கமா. கம்ப்யூட்டரில் வட்டாரம் தென்னாப்பிரிக்கா என்று இருந்தால் எக்செல்லில் சேமிக்கும் சிஎஸ்வி ஃபைலில் (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் ஃபைல்) 12.5 என்பது பெரும்பாலும் 12,5 என்றுதான் விழும், நெடுவரிசைகளைப் பிரிக்க கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வரும். இந்த ஃபைலை ரீட்.சிஎஸ்வி என்ற ஃபங்ஷனால் படித்தால் என்ன ஆகும்? கிட்ட வைத்துப் பார்ப்போம். முதல் வரியில் தலைப்பு, டேட் அரைப்புள்ளி ரெயின். அதற்குக் கீழே மூன்று நாள், மழை 12,5, பிறகு 0, பிறகு 3,2. ரீட்.சிஎஸ்வி கமாவைத்தான் பிரிப்பான் என்று நினைக்கும். தலைப்பில் கமா இல்லை, ஆக அங்கே ஒரே ஒரு துண்டு. முதல் நாள் வரியில் ஒரு கமா, ஆக இரண்டு துண்டு. தலைப்பில் ஒன்று குறைவாக இருந்தால் முதல் துண்டை வரிப்பெயராக வைத்துக்கொள்வது அதன் வழக்கம். முடிவில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நெடுவரிசை, அதன் பெயர் டேட்.ரெயின், அதில் இருக்கும் மதிப்புகள் 5, என்ஏ, 2. பன்னிரண்டரை மில்லிமீட்டர் மழை 5 ஆகிவிட்டது, மழையே இல்லாத நாள் தகவல் இல்லாத நாளாகிவிட்டது. எரர் இல்லை.

இப்போது ரீட்.சிஎஸ்விக்குக் கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். திறப்பது ரீட்.டேபிள் என்ற பக்கம். வேறு பெயரில் பக்கம் திறந்தால் தப்பாக வந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள், ஒரே குடும்பத்து ஃபங்ஷன்களை ஆர் மொழியில் ஒரே பக்கத்தில் வைப்பார்கள். யூசேஜில் ரீட்.சிஎஸ்விக்கு அடுத்தபடியே ரீட்.சிஎஸ்வி2 என்று ஒன்று இருக்கும், அதில் பிரிப்பான் அரைப்புள்ளி, தசமக் குறி கமா. தசமத்துக்குக் கமா போடும் நாடுகளுக்காக வைத்தது என்று கீழே டீட்டெயில்ஸில் விளக்கமும் இருக்கிறது. 2 என்ற ஒரு எழுத்தைச் சேர்த்தால் முடிந்தது. வரிப்பெயர் சமாசாரமும் அதே பக்கத்தில் ரோ.நேம்ஸ் என்ற ஆர்க்யுமென்டுக்குக் கீழே தெளிவாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பவர்கள் எழுதிய பதில்களை இணையத்தில் தேடி எடுத்தால் இந்த 2 உங்கள் கண்ணில் படவே படாது, ஏனென்றால் அவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அப்புறம், ரீட்.சிஎஸ்வியின் யூசேஜில் கடைசியிலும் மூன்று புள்ளி இருக்கும். இங்கே அதன் வேலை வேறு: மற்ற ஆர்க்யுமென்டுகளை ரீட்.டேபிளுக்குக் கடத்திவிடும். ஆக, ரீட்.டேபிளின் வரியில் இருக்கும் என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் (எந்த எழுத்தை விடுபட்ட மதிப்பாக எடுப்பது) போன்றவற்றை ரீட்.சிஎஸ்வியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்று புள்ளி எங்கே கண்ணில் பட்டாலும், இது வாங்கிச் சேர்க்கிறதா, வேறொருவருக்குக் கடத்துகிறதா என்று ஆர்க்யுமென்ட்ஸில் பார்த்துவிடுங்கள்.

வேல்யூ பகுதியைப் பற்றிச் சுருக்கமாக: பதில் என்ன வடிவத்தில் வரும் என்பதை அது சொல்லும், வேறு எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே வேலையைச் செய்யும் எஸ்அப்ளை ஃபங்ஷன் சில சமயம் வெக்டர் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) தரும், சில சமயம் மேட்ரிக்ஸ் (அட்டவணை), சில சமயம் லிஸ்ட் (எதையும் கலந்து வைக்கும் தொகுப்பு). உள்ளே போகும் டேட்டா காலியாக இருந்த ஒரு நாளில் லிஸ்ட் வந்து, அதற்கு அடுத்த வரி உடைந்துபோகும். அதே பக்கத்தில் விஅப்ளை பற்றியும் இருக்கிறது, திரும்பி வருவது என்ன வகை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் இது பாதுகாப்பானது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பைத்தானிலும் இதே கதைதான். லிஸ்டோடு ஒட்டிய சார்ட் அந்த லிஸ்டையே வரிசைப்படுத்திவிட்டு எதையும் திருப்பித் தராது, தனியாக இருக்கும் சார்டெட் புதிய லிஸ்டைத் தரும்.

டீட்டெயில்ஸ்தான் நீளமாக, வறட்சியாக இருக்கும், ஆனால் கண்ணிவெடிகள் புதைந்திருப்பது அங்கேதான். சாம்பிள் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய தோட்டங்களின் எண்கள் 4, 9, 17 என்று வைத்து, குலுக்கல் முறையில் ஒன்றை எடுக்கச் சொன்னால் சரியாக எடுக்கும். அடுத்த வாரம் பட்டியலில் 17 மட்டும் மிச்சம் என்றால்? ஒரே ஓர் எண் கொடுத்தால், 1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றிலும் இருந்து எடுப்பது என்பது அதன் விதி. 17ஆம் தோட்டத்துக்குப் போக வேண்டியவரை 6ஆம் தோட்டத்துக்கு அனுப்பிவிடும். இது பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, வெக்டரின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் வேண்டாத விளைவு வரலாம் என்ற எச்சரிக்கையோடு. எக்ஸாம்பிள்ஸில் அதற்கு மாற்றுவழியும் கொடுத்திருக்கிறார்கள். நான் புதிய ஃபங்ஷன் எதையும் முதல்முறை தொடும்போது, டீட்டெயில்ஸை முழுக்கப் படிக்காவிட்டாலும், நீளம் 1, நீளம் 0, விடுபட்ட மதிப்பு இந்த மூன்றையும் பற்றி என்ன சொல்கிறது என்று மட்டுமாவது தேடிப் பார்த்துவிடுவேன்.

பைத்தான் பக்கங்களில் இன்னும் இரண்டு குறிகள் தெரிந்திருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஒரு சாய்கோடு தனியாக நின்றால், அதற்கு முன்னால் இருப்பவற்றைப் பெயர் சொல்லிக் கொடுக்க முடியாது, இடத்தை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நட்சத்திரக் குறி தனியாக நின்றால், அதற்குப் பின்னால் இருப்பவற்றைப் பெயர் சொல்லியே தீர வேண்டும். சார்டெட்டின் வரியில் இரண்டுமே இருக்கும். சாய்கோட்டை நம் சொந்த ஃபங்ஷன்களிலும் எழுதும் வசதி 2019இல் வந்த 3.8 பதிப்பில்தான் வந்தது, அதற்கு முந்தைய பாடங்களில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது.

ஹெல்ப் பக்கம் நன்றாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் பைத்தானிலேயே நல்ல உதாரணம் உண்டு. எழுத்துச் சரத்தின் வலது ஓரத்தை நீக்கும் ஆர்ஸ்ட்ரிப். அதற்கு புள்ளி சிஎஸ்வி என்று கொடுத்தால், ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த நான்கு எழுத்துத் துண்டை வெட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது புள்ளி, சி, எஸ், வி என்ற நான்கில் எது ஓரத்தில் இருந்தாலும், வேறு எழுத்து வரும்வரை வெட்டிக்கொண்டே போகும். ரெயின்ஸ்.சிஎஸ்வி என்ற பெயர் ரெயின்ஸ் ஆகாது, எஸ்ஸும் போய் ரெயின் ஆகிவிடும். ஹெல்ப் ஃபங்ஷன் காட்டும் குறிப்பு, கொடுத்த எழுத்துகளை நீக்கும் என்று மட்டும் பொதுவாகச் சொல்கிறது. இணையத்தில் இருக்கும் முழு ஆவணத்தில், இது முன்னொட்டு பின்னொட்டு கணக்கல்ல என்று தனியாக ஒரு வாக்கியம் போட்டு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் குழப்பம் தீரவில்லை. கடைசியில் 2020இல் வந்த 3.9 பதிப்பில் முன்னொட்டை நீக்க ஒன்று, பின்னொட்டை நீக்க ஒன்று என்று இரண்டு புதிய ஃபங்ஷன்களையே சேர்த்தார்கள். பயனர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குழம்பியதை அதற்கான முன்மொழிவிலேயே காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் குறித்துவைக்கும் ஒரு வரிக் குழப்பம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நேர்மையான பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் லினக்ஸில் கெட்ஸ் என்ற சி மொழி ஃபங்ஷனின் மேன் பக்கத்தை, அதாவது லினக்ஸின் ஹெல்ப் பக்கத்தை, திறந்து பாருங்கள். இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருக்கும். எத்தனை எழுத்து உள்ளே வரும் என்று முன்கூட்டியே தெரியாமல் அது படிக்கும், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். 1988இல் மாரிஸ் வார்ம் என்ற தானாகப் பரவும் கெடுநிரல் இணையத்தில் பரவியதற்கு ஒரு வழி இந்த ஃபங்ஷன்தான், 2011இல் வந்த சி மொழித் தரத்தில் அதையே நீக்கிவிட்டார்கள். தன் ஃபங்ஷனைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதும் மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இணையத்தில் தேடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஹெல்ப் பக்கம் உங்களிடம் இருக்கும் பதிப்புக்கானது, இணையப் பதில் எந்தப் பதிப்புக்கு என்று பலசமயம் தெரியாது. ரீட்.சிஎஸ்வியிலேயே, எழுத்து நெடுவரிசைகளைத் தானாக ஃபேக்டராக (வகைகளாக எண்ணும் மதிப்பாக) மாற்றும் பழைய டீஃபால்ட் 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்போடு போய்விட்டது. அதற்கு முன் எழுதிய ஆயிரக்கணக்கான பதில்கள் பழைய நடத்தையை வைத்தே பேசுகின்றன. சாட்பாட்டிடம் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: அது சொல்லும் ஆர்க்யுமென்ட் பெயர் யூசேஜ் வரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாத பெயரை நம்பிக்கையோடு சொல்வது அதற்குச் சகஜம். இன்னொரு வசதியும் உண்டு. ஆர் மொழியின் ஹெல்ப் எல்லாம் பேக்கேஜோடு சேர்ந்தே கம்ப்யூட்டரில் இறங்கிவிடுகிறது. லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்து டவரும் போய், லேப்டாப் பேட்டரி மட்டும் மிச்சமிருக்கும் நேரத்திலும் அது திறக்கும். பைத்தானில் பைடாக் என்ற கருவி அதே வேலையைச் செய்யும்.

இனி உங்கள் அணியின் பேக்கேஜ். நீங்கள் அனுப்பிய பக்கத்தில், மாதத்தில் எத்தனை மழை நாள் என்று எண்ணும் ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட்ஸ் இப்படி இருக்கிறது: "டேட்டா: தரவு. த்ரெஷோல்ட்: த்ரெஷோல்ட் மதிப்பு." த்ரெஷோல்ட் என்றால் எல்லை அளவு. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் விஷயம் இவ்வளவுதான். பெயரையே திரும்பச் சொல்லும் இந்த மாதிரி வரிகள்தான் உலகத்தில் அதிகம். இதைப் படிப்பவர் என்னவெல்லாம் கேட்பார்? மில்லிமீட்டரா அங்குலமா? ஒரே எண்ணா, தோட்டத்துக்கு ஒன்றா? கொடுக்காவிட்டால் எவ்வளவு? மழை சரியாக அந்த அளவே பெய்திருந்தால் அது மழை நாளா, இல்லையா? விடுபட்ட நாளை என்ன செய்யும்? ஃபங்ஷனின் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தால் ஐந்துக்கும் பதில் இருக்கிறது. ஆக, புதிய வரி இப்படி வரலாம்: "த்ரெஷோல்ட்: மில்லிமீட்டரில் ஒரே ஓர் எண், டீஃபால்ட் 1. மழை இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் மழை நாளாக எண்ணப்படும். விடுபட்ட நாள்கள் எண்ணப்படாது, ஆனால் எத்தனை நாள் விடுபட்டது என்பது தனி நெடுவரிசையில் வரும்." மூன்று வாக்கியம்தான். இதில் அந்த "இந்த அளவோ" என்ற சொல்லுக்காகக் கோடில் பெரிது குறி மட்டும் இருக்கிறதா, சமம் குறியும் சேர்ந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். நல்ல ஹெல்ப் பக்கம் எழுதுவதில் பாதி நேரம் இப்படிக் கோடைப் படிப்பதில்தான் போகும். சிலசமயம் கோடே தப்பு என்று அப்போதுதான் தெரியவரும். எழுதியவர் ஒன்று நினைத்திருப்பார், கோடு வேறொன்றைச் செய்துகொண்டிருக்கும். அப்போது கோடுக்குப் பொருத்தமாகப் பக்கத்தை வளைக்காதீர்கள், எது சரி என்று அணியில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எக்ஸாம்பிள்ஸ் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள், பலர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக அங்கேதான் போவார்கள். உதாரணம் யாருடைய கம்ப்யூட்டரிலும் அப்படியே ஓட வேண்டும். உங்கள் ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஃபைலைப் படிக்கும் உதாரணம் வெளியாருக்குச் சுத்தமாகப் பயன்படாது. ஐந்தாறு வரி டேட்டாவை உதாரணத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள், அதுவும் பதிலை விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கும் அளவுக்குச் சின்னதாக. அந்த ஐந்தாறில் ஒன்று சரியாக 1 மில்லிமீட்டர் மழை நாளாக இருக்கட்டும், ஒன்று விடுபட்ட நாளாக இருக்கட்டும். எல்லைக் கணக்கு வார்த்தையில் புரியாதவருக்கும் அதைப் பார்த்தால் புரிந்துவிடும். உதாரணத்தை ஓடவிடாமல் தடுக்கும் டோன்ட்ரன் குறியைத் தேவையில்லாமல் போடாதீர்கள். ஓடாத உதாரணம் உடைந்துபோனாலும் யாருக்கும் தெரியாது.

எங்கே திருத்துவது என்பதில் ஒரு எச்சரிக்கை. பேக்கேஜின் மேன் ஃபோல்டருக்குள் ஹெல்ப் பக்கங்களின் மூலமான ஆர்டி ஃபைல்கள் இருக்கும், அதன் முதல் வரியில் ராக்சிஜன்2 (கோடில் எழுதிய குறிப்பிலிருந்து ஹெல்ப் பக்கத்தை உருவாக்கும் கருவி) உருவாக்கியது, கையால் திருத்தாதீர்கள் என்று இருந்தால் அங்கே கை வைக்கக் கூடாது. அடுத்தமுறை யாராவது டாக்குமென்ட் கட்டளையை ஓட்டினால் நீங்கள் எழுதியது அழிந்துவிடும். ஆர் ஃபோல்டரில் அந்த ஃபங்ஷனுக்கு மேலே, ஹேஷ் குறியும் ஒற்றை மேற்கோளும் போட்டுத் தொடங்கும் வரிகளில்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஆர் சிஎம்டி செக் என்ற, பேக்கேஜைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். ஃபங்ஷனில் இருந்தும் பக்கத்தில் விளக்கப்படாத ஆர்க்யுமென்டுகளை அது சொல்லிவிடும், உதாரணங்களையும் ஓட்டிப் பார்த்துவிடும். விளக்கம் உண்மையா என்று மட்டும் அதற்குத் தெரியாது, அது உங்கள் பொறுப்பு.

பிற்பாடு வெளியார் பேக்கேஜிலும் பிழை கண்ணில் படும், அதையும் விடாதீர்கள். முதலில் அவர்களுடைய கடைசிப் பதிப்பில் அது ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டதா என்று பாருங்கள், யாராவது இதையே முன்னால் சொல்லியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள். எழுதும்போது "உங்கள் ஆவணம் புரியவில்லை" என்று எழுதினால் அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் இந்த வரி இருந்தது, அதைப் படித்து நான் இதை எதிர்பார்த்தேன், எனக்கு வந்தது இது, இந்த வரியை இப்படி மாற்றலாம் என்று எழுதினால், பெரும்பாலும் சம்பளமில்லாமல் அந்த பேக்கேஜைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதருக்கு ஐந்து நிமிட வேலையாக முடிந்துவிடும். ஒருமுறைக்கு ஒரு திருத்தம். இருபது இடத்தில் கமாவை மாற்றிவிட்டு நடுவில் ஒரு முக்கியமான திருத்தத்தை வைத்தால் எதைப் பார்ப்பது என்று அவருக்கே தெரியாது.

பைத்தானுக்கு அனுப்புவதாக இருந்தால், ஹெல்ப் கட்டளையில் தெரியும் குறிப்பும் இணையத்தில் இருக்கும் ஆவணமும் ஒரே இடத்தில் இருந்து வருவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது அந்தந்த ஃபங்ஷனின் கோடுக்கு உள்ளேயே இருக்கிறது, இரண்டாவது டாக் என்ற தனி ஃபோல்டரில் ஆர்எஸ்டி ஃபைல்களாக இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. ஆர் மொழியின் மையப் பக்கங்களில் பிழை என்றால் அவர்களுடைய பக்ஸில்லாவில் (பிழைகளைப் பதியும் தளம்) பதிய வேண்டும், அந்த ஆர்டி ஃபைலில் செய்ய வேண்டிய மாற்றத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. எங்கே அனுப்பினாலும், ஏற்றுக்கொண்ட திருத்தம் அடுத்த பதிப்பு வரும்போதுதான் மற்றவர்களின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அதுவரை உங்கள் அணியினர் பழைய பக்கத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதால், ரீட்.சிஎஸ்வி2 மாதிரி உங்கள் ஊரில் தினமும் தேவைப்படும் விஷயங்களை உங்கள் பேக்கேஜின் முகப்புப் பக்கத்திலேயே உதாரணத்தோடு போட்டுவையுங்கள். மழை நாள் ஃபங்ஷனின் புதிய பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு நான் எந்த வரியில் நின்றேன் என்று எழுதுகிறேன்.